பெரிய வீட்டில் ஷேர், இரும்புப் பெட்டியில் ஷேர், கோயிலில் புள்ளி: எல்லாம் ஒன்றா?

கேள்வி இது: “காரைக்குடிப் பக்கம் எங்கள் பாட்டையா (கொள்ளுத்தாத்தா) கட்டிய பெரிய வீடு இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. அதில் எங்களுக்கு ஒரு ஷேர் உண்டு என்கிறார்கள். அந்த வீட்டு இரும்புப் பெட்டியில் ஐயா (தாத்தா) பேரில் பேங்க் ஆப் மதுரா ஷேர் பத்திரம் ஒன்றும் இருந்தது. கோயில் கணக்கில் நாங்கள் ஒரு புள்ளி. பங்காளி ஒருவர், ‘உங்க ஷேரை எனக்கே எழுதிக் கொடுத்துருங்க, அத்தைக்கெல்லாம் இதில் ஒண்ணுமில்லை, அவுக கோயில் மாறிப்போனவுக’ என்கிறார். ஷேர், பங்கு, பாகம், புள்ளி எல்லாம் ஒன்றா? வெளியாருக்கு விற்கலாமா? பாட்டையாவுக்கு நாலு மகன், அதில் ஒருவர் எங்கள் ஐயா. எங்கள் ஷேர் எவ்வளவு?”

ஒன்றல்ல. செட்டிநாட்டில் நான் பார்த்த சொத்துச் சண்டைகளில் பாதிக்கு மேல், ஒரு ஷேருக்கு உரிய விதியைத் தூக்கி இன்னொரு ஷேருக்குப் பூட்டுவதால் வந்தவை. உங்கள் பங்காளி சொல்வதும் அந்த ரகம்தான். கோயில் புள்ளிக்கான (கோயில் கணக்கில் ஏறிய குடும்ப அலகுக்கான) விதியை வீட்டுப் பாகத்துக்குச் சொல்கிறார்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஷேர் என்பதன் வேர்ப்பொருள் வெட்டுதல். பழைய ஆங்கிலத்தில் வெட்டிப் பிரித்த துண்டு என்ற பொருளில் இருந்தது. ஆடு மாட்டுக்கு மயிர் கத்தரிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லும், ஏரின் கொழுவுக்கு உள்ள சொல்லும் இதே வெட்டும் வேரில் பிறந்தவை. கொழுவின் பெயரும் இன்று இதே எழுத்துக்களில்தான் எழுதப்படுகிறது. துண்டு என்ற பொருளிலிருந்து பாகம் வந்தது, பாகத்திலிருந்து கம்பெனி முதலீட்டின் ஓர் அலகு வந்தது. பிறகு ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து அனுபவிப்பது என்ற வினைப்பொருளும் சேர்ந்தது. ஷேர் ஆட்டோவும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஷேரும் அந்தக் கடைசிப் பொருளின் பிள்ளைகள். அவற்றால் சண்டை வருவதில்லை, விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வெட்டிக் கொடுத்துவிட்ட துண்டும் ஷேர், வெட்டாமலே எல்லோரும் சேர்ந்து வைத்திருப்பதும் ஷேர். உங்கள் வீடு இரண்டாவது வகை. ஊரில் பலர் அதை முதல் வகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நினைப்பதற்குக் காரணமும் உண்டு. நம் வீடுகள் கட்டப்பட்ட விதமே அப்படி. முகப்பு பொது, பட்டாலை என்னும் கூடம் பொது. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனையும் பெண்டாட்டியையும் ‘வேறு வைப்பார்கள்’. அதே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் சாமான், தனிக் கணக்கு, அவர்களுக்கென்று வளவில் ஓர் அறை. மூன்று தலைமுறை அந்த அறையின் சாவி ஒரே கையில் இருந்தால், “இது எங்க வீடு” என்ற பேச்சு தானாக வந்துவிடும். ஆனால் சாவி வேறு, பாகம் வேறு. அறை என்பது அனுபவத்துக்கான ஏற்பாடு. சட்டத்தின் கண்ணில், பிரிக்காத வீட்டில் எல்லாப் பங்காளிக்கும் எல்லா இடத்திலும் பாகம் உண்டு. உங்கள் ஐயா அறையிலும் மற்றவர்களுக்குப் பாகம் உண்டு, அவர்கள் அறையிலும் உங்களுக்கு உண்டு. முகப்புத் திண்ணையிலும், மூன்றாம் கட்டுக் கிணற்றிலும்கூட அதே விகிதம்தான். இதைத்தான் பத்திரத்தில் ‘பிரிவுபடாத பாகம்’ என்று எழுதுவோம்.

பிரித்துவிட்டோம் என்று சொல்லும் வீடுகளிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வெள்ளைத் தாளில் கூறுசீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஊர் வழக்கத்தில் அது போதும். சட்டத்துக்குப் போதாது. மகள்களின் உரிமையைத் தள்ளிவிடும் அளவுக்கு ஒரு பிரிவினை செல்ல வேண்டும் என்றால், அது பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாகவோ இருக்க வேண்டும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் சொல்கிறது. வாய்ப்பேச்சுப் பிரிவினையை, அரசு ஆவணங்களால் ஐயமின்றி நிரூபிக்க முடிகிற அபூர்வமான வழக்குகளில் மட்டுமே ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று, வினீதா சர்மா வழக்கில் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்த பிரிவினைகளையும் விற்பனைகளையும் யாரும் கிளற முடியாது. உங்கள் பெட்டியில் கூறுசீட்டு இருந்தால் எறிந்துவிட வேண்டாம். யார் எந்த அறையை எப்போதிலிருந்து அனுபவிக்கிறார்கள் என்பதற்கு அது பயன்படும். பிரிவினைப் பத்திரம் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் அத்தை விஷயம்.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், கணக்கில் புள்ளி என்பது கணவனும் மனைவியும் சேர்ந்த ஓர் அலகு. கல்யாணம் ஆனதும் அந்த ஜோடி கோயில் கணக்கில் ஒரு புள்ளியாக ஏறுகிறது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். பிறந்த கோயில் வேறு, புகுந்த கோயில் வேறு. பெண் கல்யாணமானதும் கணவரின் கோயிலில் புள்ளியாகிறாள். கோயிலுக்குக் கட்டும் புள்ளிவரி அங்கேதான் போகும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் அங்கேதான் கணக்கு. உங்கள் அத்தை கோயில் மாறிப்போனவர் என்பது அந்த அளவில் முழுக்கச் சரி.

ஆனால் புள்ளியும் பாகமும் எதிரெதிராக ஓடுபவை. பாகம் தலைமுறைக்குத் தலைமுறை சின்னதாகும். பாட்டையாவுக்கு முழுசு, ஐயாவுக்குக் கால், அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அதைவிடக் குறைவு. புள்ளி சின்னதாவதில்லை. நாலு பேரன்களுக்குக் கல்யாணமானால் நாலு முழுப் புள்ளி. அதை விற்க முடியாது, எழுதிவைக்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. பாகத்தைச் செய்யலாம். செலவுக் கணக்கிலும் பாருங்கள். வீட்டுக்கு ஓடு மாற்ற ஆகும் செலவைப் பாகத்தின் விகிதப்படி போடுவது நியாயம். புள்ளிவரி தலைக்கட்டுக்குச் சமம், பினாங்கில் மூன்று கடை வைத்திருந்தவருக்கும் ஊரில் கணக்கெழுதிப் பிழைத்தவருக்கும் ஒரே தொகை. சில வீடுகளில் ஓடு மாற்றும் செலவைப் புள்ளிக் கணக்கில் போட்டுவிட்டு, “நான் இவ்வளவு கொடுத்தேன், எனக்கு இவ்வளவு பாகம்” என்று வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த பணத்தைக் கேட்டு வாங்கலாம். பாகம் அதனால் கூடாது.

ஆகவே அத்தையின் கோயில் எது என்பது வீட்டுப் பாகத்துக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே மகளுக்குப் பிறப்புரிமை வந்துவிட்டது. அன்றைக்குக் கல்யாணமாகியிருந்த மகள்களை மட்டும் அந்த மாநிலத் திருத்தம் விலக்கி வைத்தது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. கல்யாணம் ஆனவர், ஆகாதவர், எந்தக் கோயிலில் புள்ளியாக இருப்பவர் என்ற பேதமில்லை. தகப்பனார் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020 தீர்ப்பு தெளிவாக்கியது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. குடியிருக்கும் பரம்பரை வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் வாரிசு பாகம் பிரிக்கச் சொல்ல முடியாது என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது, 23-வது பிரிவு. அதையும் 2005-இல் நீக்கிவிட்டார்கள். நம்மூரில் சிலர் இன்னும் அந்தப் பழைய பிரிவை மனதில் வைத்தே பேசுகிறார்கள்.

அதேபோல் சுவீகாரம். நம் பக்கம் பிள்ளை கூட்டிக்கொள்வது மிகச் சகஜம். பிள்ளை கூட்டிப் போனவர் பெற்ற வீட்டில் பாகம் கேட்க முடியாது, கூட்டிக்கொண்ட வீட்டில் பெற்ற பிள்ளைக்கு உள்ள பாகம் முழுசாக உண்டு. சுவீகாரத்துக்கு முன்பே அவர் பேரில் வந்து சேர்ந்துவிட்ட சொத்து மட்டும் அவரோடு போகும். இங்கே கோயில் விதியும் சட்டமும் ஏறத்தாழ ஒரே திசையில் போவதால் குழப்பம் குறைவு. அதை வைத்துத்தான் மகளுக்கும் அப்படியே என்று நினைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

சரி, எவ்வளவு? நீங்கள் சொன்னபடி பாட்டையாவுக்கு நாலு மகன், அதில் ஒருவர் உங்கள் ஐயா. ஐயாவுக்கு இரண்டு மகன், ஒரு மகள். ஐயா 2005-க்குப் பிறகு உயில் எழுதாமல் காலமானார், அவர் மனைவி அப்பத்தா இருக்கிறார்கள், வீடு பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்து என்று வைத்துக்கொள்கிறேன். ஐயாவின் வகையறாவுக்கு வீட்டில் 1/4.

உடனே பலரும் செய்யும் கணக்கு, 1/4-ஐ இரண்டு மகன்களுக்கு வகுத்து ஆளுக்கு 1/8. இது பழைய ஆண்கணக்கு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அத்தையைச் சேர்த்து ஆளுக்கு 1/12 என்பார்கள். அதுவும் இப்போதைக்குச் சரியில்லை. ஐயா காலமாவதற்கு ஒரு நொடி முன்னால் அந்தக் கால் பாகத்தைப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சட்டம் ஒரு கற்பனைப் பிரிவினை செய்கிறது. அதில் ஐயா, இரண்டு மகன், ஒரு மகள் என்று நாலு பேர், ஆளுக்கு 1/16. பிறகு ஐயாவின் அந்த 1/16 அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. அந்தக் கட்டத்தில்தான் அப்பத்தா உள்ளே வருகிறார்கள். அப்பத்தா, இரண்டு மகன், ஒரு மகள், ஆளுக்கு 1/64. ஆக உங்கள் அப்பச்சிக்கு 1/16-உம் 1/64-உம் சேர்ந்து 5/64. சித்தப்பாவுக்கும் 5/64, அத்தைக்கும் 5/64. அப்பத்தாவுக்கு 1/64. கூட்டிப் பாருங்கள், 16/64, அதாவது கால்.

பழைய ஆட்களுக்கு இதைப் பின்னத்தில் சொன்னால் முகம் சுளிப்பார்கள், அணாவில் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். முழு வீடு பதினாறு அணா. அப்பச்சிக்கு ஒண்ணேகால் அணா, அப்பத்தாவுக்குக் காலணா. பழைய பத்திரங்களில் வீசம் என்று பார்த்தால் 1/16, கால்வீசம் என்றால் 1/64. உங்கள் பாகம் வீசமும் கால்வீசமும். 1957-இல் புதுக் காசு வந்து நூறாகப் பிரித்தபோது பண்டத்தின் விலைக்கு அது வசதியாயிற்று, பாகக் கணக்குக்கு இல்லை. பாதி, பாதியில் பாதி என்று போகும் குடும்பத்துக்குப் பதினாறுதான் நல்ல எண்.

அப்பத்தாவின் காலம் முடிந்து அவர்களும் உயில் எழுதாமல் இருந்தால் அந்தக் காலணா மூன்று பிள்ளைகளுக்கும் பிரியும். அப்போதுதான் கணக்கு 1/12-இல் போய் நிற்கும். அதனால் “கடைசியில் அதே 1/12 தானே, இப்பவே அப்படி எழுதுங்க” என்று ஒரு வாதம் வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். காலணா சிறிதுதான், ஆனால் அப்பத்தாவின் கையெழுத்து இல்லாத பத்திரம் குறைப் பத்திரம். அவர்கள் தன் பாகத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஐயா காலமான ஆண்டு வேறானால் கணக்கும் வேறு. 1956-க்கு முன், 1956-க்கும் 2005-க்கும் நடுவில், அதற்குப் பின் என்று மூன்று விதம். ஆகவே தாளில் முதலில் எழுத வேண்டியது இறப்புத் தேதிகள்.

வெளியாருக்கு விற்கலாமா என்றால், பாகத்தை விற்கச் சட்டத்தில் தடையில்லை. வாங்குபவர் அறிவுள்ளவராக இருந்தால் வாங்கமாட்டார். 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு, பிரிக்காத குடும்பக் குடியிருப்பு வீட்டில் பாகம் வாங்கிய வெளியார், குடும்பத்தாரோடு சேர்ந்து அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை கேட்க முடியாது என்கிறது. அவர் பாகம் பிரிக்கக் கோரி வழக்குப் போடலாம். போட்டால், 1893 பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி குடும்பத்தில் ஒருவர் முன்வந்து, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பாகத்தைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்னாலேயே, ஐயாவிடமிருந்து நேரடியாக வாரிசாக வந்த பாகத்தை ஒருவர் விற்க நினைத்தால், உடன் வாரிசுகளுக்கு முதல் உரிமை தரும் 22-வது பிரிவு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் வளவு வீட்டைப் பார்த்து எழுதவில்லை. ஆனால் பார்த்து எழுதியது போலத்தான் பொருந்துகிறது. முன்பின் தெரியாத ஒருவர் ஒண்ணேகால் அணாவை வாங்கிக்கொண்டு வளவில் வந்து கட்டில் போட முடியாது.

பிரிக்கவே முடியாத அமைப்பு என்றால்? முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டைப் பதினாறாக நறுக்க எந்த நீதிமன்ற ஆணையராலும் முடியாது. அப்போது பாதிக்குக் குறையாத பாகம் உள்ளவர்கள், தனியாகவோ சேர்ந்தோ கேட்டால், முழு வீட்டையும் விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இது அதே 1893 சட்டத்தின் 2-வது பிரிவு. எட்டணா யார் பக்கம் என்பது அதனால்தான் முக்கியம். உங்களிடம் ஒண்ணேகால் அணாவை வாங்கத் துடிக்கும் பங்காளி எத்தனை அணா ஏற்கனவே சேர்த்திருக்கிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் வில்லன் என்று சொல்லவில்லை. பிரிந்து கிடக்கும் பாகங்களை ஒருவர் வாங்கிச் சேர்த்ததால்தான் பல வீடுகள் இடியாமல் நிற்கின்றன. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பெரிய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கிப் பிழைக்க வைத்ததில், எல்லாப் பாகமும் ஒரு கையில் சேர்ந்த வீடுகளுக்கே வசதி அதிகம். விலை பேசும்போது மட்டும் இதை நினைவில் வையுங்கள். ஏழு அணா வைத்திருப்பவருக்கு உங்கள் ஒண்ணேகால் அணா வெறும் ஒண்ணேகால் அணா அல்ல.

அவருக்கே எழுதிக் கொடுப்பதானால் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமா, விற்கும் கிரயப் பத்திரமா என்று தீர்மானிக்க வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் ‘குடும்பம்’ மிகச் சின்னது. மூன்று தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளி, படைப்பு வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவராக இருந்தாலும், அதற்குள் வரமாட்டார். பங்காளி என்றாலே பங்குக்கு ஆள்தானே, குடும்பம்தானே என்று பத்திரச் செலவைக் குறைத்துக் கணக்குப் போட்டு வருபவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் மலைத்து நிற்பார்கள்.

வீட்டுச் சாமானுக்கும் ஒரு வார்த்தை. தூண், நிலை, கதவு, பதித்த கல் எல்லாம் வீட்டோடு சேர்ந்த அசையாச் சொத்து. அவற்றைக் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கு அனுப்ப எந்தத் தனிப் பங்காளிக்கும் உரிமை இல்லை, தன் அறைக் கதவாக இருந்தாலும். பித்தளை அண்டா, பெட்டகம் போன்றவை அசையும் சொத்து. அதிலும் அத்தைக்குப் பெற்றவர்கள் கொடுத்த சீர்சாமான் தனி, அது யாருடைய பாகத்திலும் சேராது. வீட்டில் சீர் விவரம் எழுதிய பழைய முறைச்சிட்டை இருந்தால் பத்திரமாக வையுங்கள், எது சீர், எது பொது என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இனி இரும்புப் பெட்டி. இது முற்றிலும் வேறு உலகம். கம்பெனி ஷேர் வைத்திருப்பவருக்குக் கம்பெனியின் எந்தச் சொத்திலும் பாகம் கிடையாது. கேட்க வியப்பாக இருக்கும். தேயிலைக் கம்பெனிப் பங்குதாரர் ஒருவர், கம்பெனியின் வருமானம் பெரும்பாலும் விவசாய வருமானம், ஆகவே எனக்கு வந்த ஈவுத்தொகையும் அந்த அளவுக்கு விவசாய வருமானம்தான் என்று வரிவிலக்குக் கேட்டார். தோட்டம் கம்பெனியுடையது, உங்களுடையது அல்ல என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஷேர் என்பது லாபத்தில் ஈவு வாங்கவும், கூட்டத்தில் ஓட்டுப் போடவும், கம்பெனியை மூடினால் கடன் போக மிஞ்சியதில் பெறவும் உள்ள உரிமைகளின் கட்டு. வளவில் எனக்கு அறை என்று கேட்பதுபோல் வங்கிக் கட்டடத்தில் கேட்க முடியாது. பதிலுக்கு ஒரு நன்மை, கம்பெனியின் கடன் உங்கள் வீட்டு வாசலுக்கு வராது.

உங்கள் பத்திரம் செல்லுபடியாகுமா என்றால், வாய்ப்பிருக்கிறது. கருமுத்து தியாகராசர் 1943-இல் தொடங்கிய பேங்க் ஆப் மதுரா, 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஒரு மதுரா வங்கி ஷேருக்கு இரண்டு ஐசிஐசிஐ வங்கி ஷேர். 2014-இல் பத்து ரூபாய் முகமதிப்புள்ள ஷேரை இரண்டு ரூபாய் ஷேர் ஐந்தாகப் பிரித்தார்கள். 2017-இல் பத்துக்கு ஒன்று போனஸ். ஐயா பேரில் 100 ஷேர் இருந்து, இடையில் விற்கப்படாமல் இருந்தால், 200 ஆகி, 1,000 ஆகி, 1,100 ஆகியிருக்க வேண்டும். பாகம் பிரியும், புள்ளி பெருகும் என்றேன். கம்பெனி ஷேர் பிரிந்தே பெருகும். ஆனால் ஒன்றை ஐந்தாகப் பிரித்ததில் உங்கள் சொத்து ஐந்து மடங்காகிவிடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது.

ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவுத்தொகை வாங்கப்படாத ஷேர்கள், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி என்ற மத்திய அரசு நிதிக்குப் போய்விடும். போனாலும் போனதுதான் என்றில்லை. உரியவர் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். முதலில் வங்கியின் ஷேர் பதிவாளருக்கு பத்திரத்தில் உள்ள ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள், எத்தனை ஷேர், எங்கே இருக்கிறது என்று. 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பத்திரத்தை விற்றுக் கைமாற்ற முடியாது. வாரிசு பேருக்கு மாற்றுவது இன்றும் முடியும், டீமேட் என்னும் மின்னணுக் கணக்கில் வந்து சேரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தொகை பெரிதானால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்பார்கள்.

இங்கே பாகக் கணக்கு மறுபடி மாறுகிறது. ஐயா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஷேர் என்றால் அது பூர்வீகச் சொத்தல்ல, கற்பனைப் பிரிவினை கிடையாது. அப்பத்தா, அப்பச்சி, சித்தப்பா, அத்தை நாலு பேருக்கும் சமமாகக் கால் கால். வீட்டில் காலணா வாங்கிய அப்பத்தாவுக்கு இங்கே நாலணா. வீட்டுக் கணக்கை (ஐயாவின் கால் பாகத்தில் அவர்களுக்கு வந்தது 1/16) அப்படியே ஷேருக்குப் போட்டு அவர்களுக்கு 1/16 கொடுத்துவிடாதீர்கள், அதுவும் நடக்கிறது. நாமினி என்று யார் பேராவது இருந்தாலும் அவர் வாங்கிக் கொடுக்கும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஷேர்களுக்கும் அதை உறுதி செய்தது.

எல்லாப் பழைய பத்திரமும் இப்படி உயிரோடு இருக்காது. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் அந்தக்கால ஷேர் பெட்டியில் இருந்தால், அதை இன்றைய ஷேர் என்று நினைத்துச் சந்தை விலை பார்க்க வேண்டாம். 1969-இல் வங்கித் தொழிலை அரசு எடுத்துக்கொண்டு பழைய கம்பெனிக்கு இழப்பீடு கொடுத்தது. இன்று சந்தையில் உள்ள ஷேர் 2000-இல் புதிதாக வெளியிட்டது.

பெட்டியின் அடியில் பர்மாக் கூட்டுக்கடை ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) இருக்கலாம். அதில் ‘பங்கு’ என்று கண்டால் அது நாலாவது ரகம். கூட்டு வியாபாரப் பங்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டாளி இறந்த அன்றே முடிந்துவிடும். வாரிசு உள்ளே போக முடியாது, கணக்குத் தீர்த்துப் பணம்தான் கேட்கலாம், அதற்கும் மூன்று ஆண்டுக் கெடு. கம்பெனி ஷேர் போலன்றி, கூட்டுக்கடைக் கடனுக்குக் கூட்டாளியின் சொந்த வீடும் பொறுப்பு. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் 1,650, அவற்றின் மூலதனம் 75 கோடி ரூபாய் என்று அங்கிருந்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்து, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1938-க்குள் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார் கையில் இருந்தது. பிறகு போர், பிறகு நில தேசியமயம். அந்தப் பங்குக்கு இன்று கேட்க இடமில்லை. ஐந்தொகையை மட்டும் குப்பையில் போடாதீர்கள், ஆய்வாளர்கள் தேடும் பொருள் அது.

உங்களுக்கு இப்போதைக்குள்ள வேலை இதுதான். பங்காளி கொண்டுவரும் பத்திர நகலில் ‘எனக்குப் பாத்தியப்பட்ட சகல பங்கு பாகங்களும்’ என்ற பொதுவாசகம் இருந்தால் அடித்துவிட்டு, எந்தச் சொத்து, சர்வே எண், பதினாறில் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். பொதுவாசகத்தில் கையெழுத்துப் போட்டால் வீட்டோடு சேர்ந்து கண்மாய்ப் பாசன நிலம், தோப்பு, காலிமனை எல்லாம் போய்விட்டதாக நாளைக்கு வாதம் வரும். வில்லங்கச் சான்று பிந்தைய ஆண்டுகளுக்கு ஆன்லைனிலேயே பார்க்கலாம். உங்கள் வீடு அந்தப் பதிவுகளைவிடப் பழையதாக இருக்கும், ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போடுங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் பாட்டையா பேரிலேயே இருக்கும். அத்தையிடமும் அப்பத்தாவிடமும் பேசிவிட்டுப் பங்காளிக்குப் பதில் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் நீங்கள் தனியாக எழுதிக் கொடுப்பதென்றால், அப்பச்சியின் ஒண்ணேகால் அணாவுக்கு மேல் ஒரு காலணாவும் அந்தப் பத்திரத்தில் ஏறக் கூடாது.